வழிக்கு வைத்த காற்று

வானிலை அறிவிப்பு சிவப்புக்கு மாறிய அன்று காலை என் அண்ணா முதலில் சொன்னது, அலுமாரிக்கு மேலிருந்து பையை இறக்கு என்பதுதான். நானும் ஏன் என்று கேட்காமல் கதிரையைப் போட்டு ஏறினேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கறுப்பு ரெக்சின், ஒரு பக்கப் பிடி அறுந்து தைத்தது. எங்கள் ஆட்களில் இப்படி ஒரு பை இல்லாத வீட்டை நான் இன்னும் காணவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பது வருடமாகியிருக்கலாம், வெள்ளவத்தையில் லிப்ட் வைத்த மாடிவீடு வாங்கியிருக்கலாம், பிள்ளைகள் கனடாவில் இருக்கலாம். அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்குக் கீழேயோ அந்தப் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், என்றோ காலாவதியான அடையாள அட்டை. எங்கள் உறுதியில் இருக்கிற வீட்டுக்குக் கூரை இல்லை, பாதிச் சுவரும் இல்லை. உறுதி மட்டும் மடிப்புக் குலையாமல் இருக்கிறது.

அண்ணாவுக்கு அறுபது கடந்துவிட்டது. எனக்கு எட்டு வயது குறைவு. இருவரும் கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்கக்கூடிய வயதில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனதால் இப்போது அந்தத் தொல்லையும் இல்லை. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டுப் போனது. அதிலிருந்து அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஒக்சிஜன் மெசின் ஓடுகிறது. அறைக் காற்றை இழுத்து வடிகட்டி, மூக்குக் குழாய் வழியாக அவருக்குக் கொடுக்கும். கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. கிளினிக்குக்குப் போய்வருவதற்கென்று சின்னச் சிலிண்டர் ஒன்றும் இருந்தது. அளவாகத் திறந்தால் மூன்று மணித்தியாலம் வரும்.

ஆக, புயல் வருகிறது என்றால் எங்கள் வீட்டில் யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கரண்ட் போனால் அண்ணா எப்படி மூச்செடுப்பார்? சின்னப்பிள்ளையும் இதைத்தான் முதலில் கேட்கும். படித்த இரண்டு பேருக்கு அது தோன்றவில்லை.

பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரைக்கும் பையோடு மல்லுக்கட்டினோம். ஒவ்வொரு தாளையும் பொலித்தீன் பைக்குள் போட்டு, வாய்ப்பக்கத்தை அடிமட்டத்தில் வைத்து மடித்து, மெழுகுதிரிச் சுடரில் ஓடவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் புகாது. சண்டைக் காலத்தில் பழகிய கைவேலை. சுடரில் கொஞ்சம் கூட நின்றால் ஓட்டை விழும், குறைய நின்றால் ஒட்டாது. நான் அதில் கைகாரி. அண்ணா கட்டிலில் இருந்தபடி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்து, இது மேலே, இது கீழே என்று ஒழுங்கு சொன்னார். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலை கனகாலத்துக்குப் பிறகு கையில் கிடைத்திருந்தது. வீட்டில் இருந்த மெழுகுதிரியெல்லாம் அதிலேயே முடிந்தது.

பிறகு ஆளுக்கு இரண்டு உடுப்பு, ஒரு துவாய், பிஸ்கற், அவருடைய மருந்து. கல்கிசையில் இருக்கிற பெரியம்மாவின் மகளுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வருகிறோம் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் சொந்தத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, வருகிறோம் என்றால் பாயை எடுத்து விரித்துவிடுவார்கள். வழக்கமான ஓட்டோக்காரரிடம் காலை ஒன்பது மணிக்குச் சொல்லி வைத்தேன். கடைசியாக அண்ணா அந்தச் சின்னச் சிலிண்டரைக் காட்டினார்.

"அதையும் வாசலடியிலை வை பிள்ளை. அது வழிக்கு."

வைத்தேன். நாங்கள் இருக்கிற ஐந்தாம் மாடிக்கு வெள்ளம் ஏறும் என்று நம்பவில்லை. யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்போம். ஆனால் ஆபத்து என்றால் வெளிக்கிட வேண்டும் என்று எங்கள் உடம்புக்குத் தெரியும். எங்கே, எதற்கு என்பதெல்லாம் பிறகு. இருக்கிற இடத்திலேயே இருந்து சமாளிப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். அதனால் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை, சமைத்து வைக்கவில்லை, மெசின் தந்த கம்பனியிடம் இன்னொரு சிலிண்டர் கேட்கவில்லை.

பின்னேரம் பற்றரி வாங்கக் கீழே இறங்கினேன். லிப்ட் ஒரு மாடி இறங்கியதும் நாலாம் மாடிக்காரி ஏறினாள். முகத்துவாரத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். புருஷன் துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்து இறந்தவர், மகன் கப்பலில். எங்கள் கட்டடத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மறுபடியும் கடைக்குப் போகிறாளாம், வாளி போதவில்லையாம்.

"தண்ணி புடிச்சு வச்சீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை. நாங்கள் காலமை வெளிக்கிடுறம், கல்கிசைக்கு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அஞ்சாவது மாடியில இருந்துக்கிட்டா? எங்க ஊர்ல தண்ணி வாசலுக்கு வந்தா கட்டில் மேல ஏறுவோம். கட்டிலுக்கு வந்தா அலுமாரி மேல ஏறுவோம். எறங்கினதும் வீட்டக் கழுவிட்டு சோறாக்குவோம். யாரும் எங்கயும் போறதில்ல."

சட்டி, பானை, பேசின், பிரஷர் குக்கர் வரைக்கும் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பதாகவும், மூன்று நாளைக்குக் காணும்படி கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டதாகவும் சொன்னாள். நான் தலையாட்டினேன். பாவம், ஓடிப் பழகாத சனம் என்று உள்ளுக்குள் நினைத்தேன். அந்த நினைப்பு இப்போதும் என்னைக் கூசவைக்கிறது.

இரவு முழுக்கக் காற்றும் மழையும். மறுநாள் காலை எட்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. மெசின் நீளமாகக் கூவிவிட்டு நின்றது. அண்ணா அதற்கு முன்பே முகம் கழுவி, சேட் போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு வாசலடிக் கதிரையில் இருந்தார். குழாய் அறையிலிருந்து அதுவரைக்கும் நீளும்.

"நேரம் சரிதான்," என்றார். "ஓட்டோவும் வரப்போகுது."

கீழே கட்டடத்து ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. அது லிப்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் நடைபாதை விளக்குகளுக்கும்தான், வீடுகளுக்கு வராது. ஒன்பது மணிக்கு ஓட்டோக்காரர் தானே எடுத்தார். "அக்கா, கால்வாய் ரோட்டுக்கு ஏறிட்டு. கொஞ்சம் பொறுங்க, தண்ணி வடியட்டும்," என்றார். சரி என்றேன். கொஞ்சம் பொறுப்பதில் எங்களை வெல்ல ஆளில்லை.

சிலிண்டர் என் காலடியில் துவாய் சுற்றியபடி நின்றது.

"திறக்கட்டே அண்ணா?"

"வேண்டாம். அது வழிக்கு."

"ஓட்டோ வருமட்டும் கொஞ்சத்துக்கு…"

"சொல்லுறதைக் கேள். வழியிலை முடிஞ்சால் ஆரிட்டைப் போய்க் கேப்பாய்?"

மூச்சு வாங்க வாங்கத்தான் இதையும் சொன்னார். விரலில் மாட்டி ஒக்சிஜன் அளவு பார்க்கிற மீற்றர் எங்களிடம் இருந்தது. மெசினோடு தொண்ணூற்றிரண்டு காட்டும். ஒன்பதரைக்கு எண்பத்தாறு. பத்தேகாலுக்கு எண்பத்தொன்று. நான் ஒவ்வொரு தடவையும் பார்த்துச் சொன்னேன், அவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். அதற்குமேல் இருவரும் ஒன்றும் செய்யவில்லை. அவர் சாய்ந்து இருக்கவும் மாட்டார். முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி இருந்தார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே இருந்தேன்.

அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி யாருக்கும் நான் சரியாகச் சொன்னதில்லை. டொக்டர் கேட்டபோது அரை மணித்தியாலம் என்றேன். பயம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. ஆனால் அது பழகிய பயம், எனக்கு அதனுள்ளே இருக்கத் தெரியும். அண்ணா எழும்பினால் எழும்பவேண்டும், நடந்தால் நடக்கவேண்டும், இரு என்றால் இருக்கவேண்டும். இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் உயிர் தப்பினேன். ஐம்பத்திரண்டு வயதிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மனுசனுக்கு உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

பதினொன்றுக்குக் கால் மணி இருக்க நாலாம் மாடிக்காரி கதவைத் தட்டினாள். கையில் தேத்தண்ணிப் போத்தல். ஓட்டோ கீட்டோ எதுவும் வராது, சும்மா காத்திருக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தாளாம். உள்ளே எட்டிப் பார்த்தவள் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டாள்.

"என்னாக்கா இது? அண்ணனுக்கு ஒதடெல்லாம் நீலமா கெடக்கு!"

அவள் கண் சிலிண்டருக்குப் போனது. துவாயை உரித்தாள். வெல்டிங்காரனோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு சிலிண்டர் திறக்கிற சாவியை யாரும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. அவள் குனிந்து அதைத் திருகப் போனபோது நான் வாயைத் திறந்து ஒன்று சொன்னேன். இதை எழுதாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அதைத் திறக்காதைங்கோ," என்றேன். "வழிக்கு வேணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படக்கூட அவளுக்கு நேரமிருக்கவில்லை. "எந்த வழிக்கு? சன்னலத் தொறந்து பாத்தீங்களா நீங்க?"

நான் பார்த்திருக்கவில்லை. காலையிலிருந்து கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சாவியைத் திருகினாள், குழாயை மாற்றினாள், அண்ணாவின் முதுகில் கை வைத்து, "மெதுவா அண்ணன், மூக்கால இழுங்க," என்றாள். அவர் மறுக்கவில்லை, மறுக்கும் நிலையிலும் இல்லை. ஐந்து நிமிடத்தில் எண்பத்தெட்டு, பத்து நிமிடத்தில் தொண்ணூறு. நான் எழுந்துபோய் சன்னலைத் திறந்தேன். எங்கள் ஒழுங்கை இடுப்பளவு மண்ணிறத் தண்ணீருக்குள் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் கதிரை மெதுவாகக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அம்புலன்சுக்கு எடுத்தேன். வழி திறந்ததும் வருகிறோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டரில் மூன்று மணித்தியாலம் இருந்தது, அதில் ஒவ்வொரு நிமிடமாகக் குறைந்துகொண்டிருந்தது. நாலாம் மாடிக்காரி கீழே இறங்கிப் போய், காவலுக்கு நிற்கிற வாச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் சிங்கள ஆள், கொலன்னாவையில் வீடு. அந்த நேரத்தில் அவருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான், பெண்சாதி பிள்ளைகள் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இருந்தார்கள். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிடச் சரளமானது. தம்பியைக் கூப்பிடுவதுபோல் மல்லி, மல்லி என்று அவள் கதைத்த கதையில் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. லிப்டை நிறுத்தினால் டீசல் மிஞ்சும், எல்லா மாடிக்காரர்களும் படியால் ஏறி இறங்கட்டும். நடைபாதையில் கூட்டுகிற மெசினுக்கென்று ஒரு பிளக் இருக்கிறது, அதற்கு ஜெனரேட்டர் கரண்ட் வருகிறது. அந்தப் பிளக்கை நான் மூன்று வருடமாகக் கடந்து கந்தோருக்குப் போய்வந்திருக்கிறேன்.

வாச்சரும் நானும் மெசினை உருட்டிக்கொண்டு வந்து நடைபாதையில் வைத்தோம். அதற்குப் பக்கத்தில் அண்ணாவின் சாய்மனைக் கதிரை. சுவிட்சைப் போட்டதும் மெசின் பழையபடி உறுமத் தொடங்கியது. சிலிண்டரை மூடினோம். அதில் இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மீதி இருந்தது. நான் அதற்குப் பிறகுதான் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் நாங்கள் நடைபாதையில் குடியிருந்தோம். இரவில் நான் அவருடைய காலடியில் பாய் போட்டுப் படுத்தேன். மேல்மாடிக்காரர்கள் படியேறி வந்து மூச்சு வாங்க நின்று, "எப்பிடி இருக்கிறியள் மாஸ்ரர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாளும் சிரித்திராத ஏழாம் மாடி மனுசன், லிப்ட் இல்லாத கோபத்தை எங்கள்மேல் காட்டாமல் வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். நாலாம் மாடிக்காரி மூன்று வேளையும் சாப்பாடு ஏற்றினாள். கருவாட்டுக் குழம்பு மணத்தில் அண்ணா முகத்தைச் சுளித்ததையும், பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கியதையும் பார்த்தேன். என்னோடு மட்டும் அவர் அதிகம் கதைக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் எனக்கு நெஞ்சு முட்ட இருந்தது. அவருடைய முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் மழை விட்டது. ஓட்டோக்காரர் எடுத்தார், ரோட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது, இப்போது வரட்டுமா என்று கேட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணாவைப் பார்த்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். போனை வைத்ததும், இனியும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. "அண்ணா, அவ சிலிண்டரைத் திறக்கேக்கை, திறக்காதைங்கோ எண்டு சொன்னது நான்தான்."

"கேட்டனான்."

"எனக்கு என்ன பிடிச்சதெண்டு தெரியேல்லை. உங்கடை உயிர் போயிருக்கும்."

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அப்பாவுக்கு நானும் அதைத்தான் சொன்னனான்," என்றார்.

எங்கள் அப்பாவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு நோய். சண்டைக்குப் பயந்து ஊரே ஒரே நாளில் எழும்பி நடந்த அந்த மழைநாளில், சனத்துக்கு நடுவில் அவர் மூச்சு முட்டி இறந்தார். நானும் அம்மாவும் முன்னுக்குப் போய்விட்டோம், அண்ணாதான் அவரோடு பின்னால் வந்தார். மூச்சு இழுக்கிற பம்ப் வழியில் முடிந்துபோனது என்று அண்ணா வந்து சொன்னார். அம்மா சாகும்வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். இன்னொரு பம்ப் வாங்கி வைக்காமல் விட்டோமே என்று நானும் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முடியேல்லைப் பிள்ளை," என்றார் அண்ணா. "பாதிக்கு மேலை கிடந்தது. கேட்ட நேரமெல்லாம் ஒரு இழுவைதான் குடுத்தனான், வழி நீளமெண்டு. கடைசியாய்க் கேக்கேக்கை, பாலம் தாண்டட்டும் அப்பா எண்டனான். பம்ப் என்ரை சேட் பொக்கற்றிலைதான் இருந்தது."

வழிக்கு என்று வைத்ததை முன்னமே எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், அன்றைக்கும் கொடுத்திருக்கலாம் என்று ஆகிவிடும். அதைவிட அந்த வாசலடிக் கதிரையில் மூச்சில்லாமல் இருப்பது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, இவருக்காகவா என்று தெரியவில்லை.

"அப்பாவுக்கு விளங்கியிருக்கும் அண்ணா," என்றேன்.

"ஓம்," என்றார். "சரியெண்டு தலையாட்டினவர்."